மூலக்கூறு உணரிகளில் ஒரு ஆராய்ச்சி வாழ்க்கை: மதுரை மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: "மதுரையில் எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கரிம வேதியியலில் சேர்ந்து மூலக்கூறு உணரிகள் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. இந்தத் துறையில் ஒருவருடைய வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? இன்னும் ஐந்து வருடம் படித்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?"

வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருபவன் நான். உணரி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெளிவாகாமலேயே பிஎச்.டி. முடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது ஆரத்தி கரைக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சிட்டிகைச் சுண்ணாம்பைப் போட்டதும் தட்டு முழுக்கச் சிவந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற மூலக்கூறு சுண்ணாம்பின் காரத்தில் ஒரு புரோட்டானை இழக்கிறது. அதனால் அதன் எலக்ட்ரான் அமைப்பு மாறுகிறது, அது உறிஞ்சும் ஒளியும் மாறுகிறது, நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி சொல்லிவிடுகிற மூலக்கூறுக்குத்தான் உணரி என்று பெயர்.

இதோடு நிறுத்தாதீர்கள். கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளை எரிசாராயத்தில் கரைத்து, வடிகட்டும் தாளை அதில் நனைத்து உலர்த்துங்கள். போரிக் அமிலக் கரைசலில் சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து அந்தத் தாளை நனைத்து, மெல்லிய சூட்டில் காயவையுங்கள். உங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். தாள் செம்பழுப்பாகும். சுண்ணாம்புக்கும் சிவப்பு, போரானுக்கும் சிவப்பு என்றால் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுண்ணாம்பில் சிவந்த தாளில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மஞ்சள் திரும்பிவிடும். போரானில் சிவந்தது அமிலத்துக்கு அசையாது. அதன் மேல் காரத்தைத் தடவினால் பச்சை கலந்த கருநீலமாக மாறும். இது பழைய பாடப்புத்தகங்களில் உள்ள சோதனைதான். ஆனால் என் துறையின் தலைவலி முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. நிறம் மாறுவது பெரிய காரியமில்லை. எதற்காக மாறியது என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா என்பதில்தான் ஒரு உணரியின் மதிப்பு இருக்கிறது.

துறையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோரின் என்ற தாவரச் சாயம் அலுமினியத்தோடு சேர்ந்து ஒளிர்வதை வைத்து கோப்பல்ஸ்ரோடர் 1867-இல் அலுமினியத்தை அளந்து காட்டினார். உடனொளிர்வை, அதாவது ஒளி பட்டதும் ஒரு பொருள் தானும் ஒளிர்வதை, வைத்து ஒரு பொருளை அளந்த முதல் முயற்சி அது. அதற்கு நூறு ஆண்டுகள் கழித்து, 1967-இல் சார்லஸ் பெடர்சன் கிரௌன் ஈதர்கள் என்ற வளைய மூலக்கூறுகளைப் பற்றி எழுதினார். இவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பெடர்சன் கொரியாவின் பூசானில் பிறந்தவர். பிஎச்.டி. பட்டம் பெறாதவர். அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தில் வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்தவர். வேறொரு சேர்மத்தைத் தயாரிக்கப் போய், பிசுபிசுப்பான கலவையிலிருந்து பட்டு போன்ற வெள்ளைப் படிகங்கள் கொஞ்சம் கிடைத்தன. விளைச்சல் 0.4 சதவீதம். பெரும்பாலானவர்கள் கழுவி ஊற்றியிருப்பார்கள். அவர் ஊற்றவில்லை. மெத்தனாலில் சரியாகக் கரையாத அந்தப் பொருள், சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்ததும் கரைவதைக் கவனித்தார். வளையமாக இருந்த அந்த மூலக்கூறு உலோக அயனியைத் தன் நடுவில் உட்காரவைத்துக்கொள்கிறது என்று புரிந்துகொண்டார். வளையல் கடையில் கையைப் பிடித்துப் பார்த்து அளவு சொல்வார்களே, அதுபோலத்தான். பன்னிரண்டு அணு வளையம் லித்தியத்துக்குப் பொருந்தும், பதினைந்து சோடியத்துக்கு, பதினெட்டு பொட்டாசியத்துக்கு. இதற்காக 1987-இல் கிராம், லேன் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அயனியைப் பிடிக்கும் கையை எப்படி வடிவமைப்பது என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது அந்த 0.4 சதவீதம்.

பிடித்தால் மட்டும் போதாது, பிடித்த செய்தியை வெளியே சொல்லவும் வேண்டும். இங்கேதான் நம் பக்கத்து நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். இலங்கையில் பிறந்து, பெல்பாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரசன்ன டி சில்வா. அவருடைய உணரிகளில் மூன்று பகுதிகள் உண்டு: பிடிக்கும் கை, நடுவில் ஒரு சிறு இணைப்பு, ஒளிரும் சாயம். கையில் ஒரு நைட்ரஜன் அணு இருக்கும். சாயத்தின் மீது ஒளி பட்டதும், நைட்ரஜனின் தனி இணை எலக்ட்ரான்களில் ஒன்று சாயத்துக்குத் தாவி, ஒளியாக வர வேண்டிய ஆற்றலை வீணடித்துவிடுகிறது. கண்மாயில் மதகு திறந்து கிடந்தால் வயலுக்குத் தண்ணீர் ஏறாது. உலோக அயனி வந்து அந்தத் தனி இணையைப் பிடித்துக்கொண்டால் மதகு அடைபடுகிறது, சாயம் ஒளிர்கிறது. இந்தக் கொள்கையில் உருவான உணரிகள் இன்று மருத்துவமனைகளில் இரத்தத்தின் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் அளக்கும் கருவிக்குள் வேலை செய்கின்றன. 1993-இல் இதே வகை மூலக்கூறைக் கொண்டு 'இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்' என்ற கணினித் தர்க்கத்தையும் அவர் செய்து காட்டினார். இரண்டு அயனிகளும் வந்தால்தான் அது ஒளிரும்.

இனி ஆய்வக வாழ்க்கை. என் மாணவர்கள் முதலில் செய்யும் வேலை ரோடமைன் பி ஹைட்ரசைடு தயாரிப்பதுதான். ரோடமைன் பி என்றால் தெரிந்திருக்கும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடைசெய்தார்களே, அந்த மிட்டாயில் கலந்திருந்த சாயம். உணவில் சேரவே கூடாத அந்தப் பொருள் எங்களுக்கு அருமையான மூலப்பொருள். எத்தனாலில் கரைத்தால் கத்தரிப்பூ நிறத்தில், குடுவையின் மறுபக்கம் தெரியாத அளவுக்கு அடர்த்தியாக இருக்கும். அதில் ஹைட்ரசீன் ஹைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, மேலே கண்டென்சரைப் பொருத்தி, இரண்டு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். அரை மணியில் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு விளிம்பு வெளுக்கத் தொடங்கும். கடைசியில் அவ்வளவு நிறமும் போய், இளம் ஆரஞ்சில் தெளிந்த திரவம் மட்டும் நிற்கும். மூலக்கூறுக்குள் ஒரு வளையம் மூடிக்கொண்டது, நிறம் உள்ளே பூட்டப்பட்டது. அந்தத் திரவத்தை நீர்த்து, தாமிர உப்புக் கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வளையம் திறந்து ரோஜா நிறம் திரும்பி வரும். புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால் ஆரஞ்சாக ஒளிரும். 1997-இல் சார்னிக் குழுவினர் இந்த மூலக்கூறு தண்ணீரில் தாமிரத்தை அடையாளம் காண்பதை வெளியிட்டார்கள். அதைப் பின்பற்றி எத்தனையோ ரோடமைன் உணரிகள் வந்துவிட்டன. பல முறை பார்த்தவன்தான், ஆனாலும் அந்த நிறம் திரும்பி வரும்போது நான் இன்னும் வேலையை விட்டுவிட்டுப் போய் நின்று பார்க்கிறேன். (ஹைட்ரசீன் கடும் நச்சு. நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடுக்கு வெளியே அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது.)

மற்ற நாட்கள் இப்படி இருக்காது. பெரும்பாலான நேரம் கலவையைப் பிரிக்கும் நிரல் (column) போடுவதிலும், எது எது பிரிந்தது என்று காட்டும் டி.எல்.சி. தட்டைப் பார்ப்பதிலும் போகும். சிலிக்கா ஜெல்லை ஹெக்சேனில் குழைத்துக் கண்ணாடிக் குழாயில் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, மேலே உங்கள் கலவையை ஏற்றி, எத்தில் அசிடேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சோதனைக் குழாய்களில் வரிசையாகப் பிடிக்க வேண்டும். பாதியில் சாப்பிடப் போனால் நிரல் காய்ந்து விரிசல் விட்டுவிடும். ஐந்து படிகளில் ஒரு மூலக்கூறு. ஒவ்வொரு படியிலும் எழுபது சதவீதம் கிடைத்தாலும் கடைசியில் மிஞ்சுவது பதினேழு சதவீதம்தான். அதன் பிறகு, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். எடுக்க வரிசையில் நிற்க வேண்டும், அல்லது சாம்பிளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொறுமை இயல்பாகவே உள்ளவர்களுக்கு இது சுமையாகத் தெரியாது. இல்லாதவர்களுக்கு இரண்டாம் ஆண்டிலேயே வெறுத்துவிடும். அதில் தவறு ஒன்றும் இல்லை, அவர்கள் வேறு துறைக்கு மாறிக்கொள்ளலாம்.

நான் தோற்ற கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் ஊரைப் பற்றியது. என் அம்மாவின் ஊரும் உசிலம்பட்டிப் பக்கம்தான். அந்த ஊரில் என் வயதுக்காரர்கள் சிரித்தால் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. குடிநீரில் ஃபுளோரைடு அதிகம். இந்தியத் தரக்கட்டுப்பாட்டு அளவின்படி ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம்; வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஃபுளோரைடைக் கண்டுபிடிக்கும் மூலக்கூறு ஒன்றைச் செய்தேன். தயோயூரியாவும் நைட்ரோ பென்சீனும் சேர்ந்த அமைப்பு. டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் இளமஞ்சளாக இருக்கும். டெட்ராபியூட்டைல் அம்மோனியம் ஃபுளோரைடைச் சேர்த்ததும் சட்டென்று அடர் சிவப்பாகும். குளோரைடுக்கு மாறாது, புரோமைடுக்கு மாறாது, நைட்ரேட்டுக்கும் மாறாது. கட்டுரைக்குப் படங்கள்கூடத் தயாராகிவிட்டன.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவன், கிணற்று நீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன். சிவந்திருந்த கரைசலில் நாலு சொட்டு விட்டேன். சிவப்பு மறைந்து மஞ்சள் வந்துவிட்டது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதே கதி.

காரணம் எளிது, எனக்குத்தான் அதுவரை உறைக்கவில்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால், ஒவ்வொரு ஃபுளோரைடு அயனிக்கும் சுமார் பத்து லட்சம் நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஃபுளோரைடு சின்ன அயனி, நீரோடு மிக இறுக்கமாகச் சேர்ந்துகொள்ளும். அந்தப் பத்து லட்சம் பேர் பிடியிலிருந்து அதை இழுத்து வர என் தயோயூரியாவுக்கு வலு கிடையாது. டி.எம்.எஸ்.ஓ.வில் நீர் இல்லை, அதனால் வேலை செய்தது. அந்தக் கரைப்பானில் யாரும் குடிநீர் குடிப்பதில்லை. இன்றைக்கும் வெளியாகும் ஃபுளோரைடு உணரிக் கட்டுரைகளில் கணிசமானவை இதே இடத்தில்தான் நிற்கின்றன.

கட்டுரையை அப்படியே அனுப்பிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நான் அனுப்பவில்லை. ஓர் ஆண்டு தள்ளிப்போனது. ஆனால் அந்த ஓர் ஆண்டில்தான் ஃபுளோரைடு எதற்காகத் தண்ணீரை விட்டுவரும் என்று யோசிக்கக் கற்றேன். சிலிக்கானுக்காக வரும்: சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை உடைத்துச் சாயத்தை விடுவிக்கும். சிர்கோனியத்துக்காக வரும்: சிர்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்த கலவையில் ஃபுளோரைடு பட்டால், உலோகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், சாயத்தின் நிறம் மாறும். இந்தச் சிர்கோனிய முறையின் அடிப்படையில்தான் ஃபுளோரைடைக் களத்திலேயே சோதிக்கும் கிட்டுகள் பல செய்யப்படுகின்றன. அதில் சல்ஃபேட், பாஸ்பேட், அலுமினியம் ஆகியவை குறுக்கிடும். அந்தக் குறுக்கீட்டை நீக்குவதற்கே இன்னும் இரண்டு பிஎச்.டி. எழுதலாம், அவ்வளவு வேலை பாக்கி இருக்கிறது.

ஆகவே ஆராய்ச்சிக்கான கேள்வியைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டாம், நம்மைச் சுற்றியே இருக்கிறது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீரில் குரோமியம் ஒரு பெரிய பிரச்சினை. தோல் பதனிடப் பயன்படுவது மூன்றாம் இணைதிற குரோமியம், கொடிய நச்சு ஆறாம் இணைதிறத்தில் இருக்கிறது. மொத்தக் குரோமியத்தை மட்டும் சொல்லும் உணரியால் பாதி விடைதான் கிடைக்கும். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையைச் சுற்றிய மண்ணில் பாதரசம். குடிநீரில் பாதரசத்துக்கான இந்திய வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். உங்கள் உணரி அதைப் போல ஆயிரம் மடங்கு இருந்தால்தான் ஒளிரும் என்றால், அதை வைத்துக்கொண்டு மலைக்குப் போக முடியாது. இங்கே இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். பாதரச உணரி செய்கிற ஆய்வகமே தன் பாதரசக் கரைசலைத் தொட்டியில் ஊற்றிவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்கள் சேரும் இடத்தில் கனஉலோகக் கழிவுக்குத் தனிப் புட்டி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

இனி வீட்டாரின் கேள்வி. சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஆக, ஐந்து வருடமும் வீட்டுக் காசில் படிக்கப் போவதில்லை, சம்பளம் போல ஒன்று வாங்கிக்கொண்டுதான் வேலை செய்யப் போகிறீர்கள் என்று அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள். ஃபெல்லோஷிப் இல்லாமல் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதி வழியில் பணக்கஷ்டத்தால் நின்றுபோன நல்ல மாணவர்களை அறிவேன்.

வேலையைப் பொறுத்தவரை ஒளிக்காமல் சொல்கிறேன். 'உணரி நிபுணர்' என்ற பெயரில் நம் நாட்டில் வேலைகள் மிகக் குறைவு. ஆனால் ஐந்து வருடம் கைப்படத் தயாரிப்பு வேலை செய்து, நிரல் ஓட்டி, என்.எம்.ஆர். படித்துப் பழகிய கரிம வேதியியலாளருக்கு வேலை இல்லாமல் இருந்து நான் பார்த்தது அரிது. ஹைதராபாத், பெங்களூரு, சென்னையில் உள்ள மருந்து ஆராய்ச்சி நிறுவனங்கள் இவர்களைத்தான் தேடுகின்றன. கல்லூரிப் பணி வேண்டுமென்றால் அதற்கும் இந்தப் பட்டம் கைகொடுக்கும். எனவே நீங்கள் முதலில் தயாரிப்பு வேதியியலாளர் ஆகுங்கள், உணரி அதன் மேல் கட்டும் மாடி. கொதிக்கும் குடுவையைத் தொடாமல், கடையில் வாங்கிய இரண்டு சேர்மங்களைக் கலந்து ஷிஃப் பேஸ் என்ற எளிய சேர்மத்தைச் செய்து, உடனே நிறமாற்றப் படம் எடுத்துக் கட்டுரை போடும் வழி ஒன்று இருக்கிறது. அதில் போனால் பட்டம் கிடைத்துவிடும், கையில் தொழில் இருக்காது.

மதுரையில் இருந்தே செய்யலாமா என்ற எண்ணமும் உங்களுக்குள் இருக்கும். செய்யலாம். 1966-இல் தொடங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தேனி சாலையிலேயே இருக்கிறது. பஸ் ஏறினால் காரைக்குடி. அங்கே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்குகிறது. நிறத்துக்குப் பதிலாக மின்னோட்டத்தால் பதில் சொல்லும் உணரிகளில் ஆர்வம் இருந்தால் அங்கே பாருங்கள். இரவு ரயிலில் போனால் திருவனந்தபுரம், அங்கே என்.ஐ.ஐ.எஸ்.டி. என்ற ஆராய்ச்சி நிலையத்தில் ஒளிரும் கரிம மூலக்கூறுகளில் செய்த பணிகளுக்காக அஜயகோஷ் 2007-இல் பட்நாகர் விருது பெற்றார். இந்தத் துறையில் சர்வதேசத் தரத்தில் வேலை செய்ய நாட்டை விட்டுப் போயே ஆக வேண்டும் என்பதில்லை.

இடத்தைவிட நெறியாளரைப் பார்த்துச் சேருங்கள். நேர்காணலுக்கு முன் அவருடைய மூத்த மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். சராசரியாக எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள், சேர்மங்களை அவர்களே தயாரிக்கிறார்களா, உணரிகளை நிஜத் தண்ணீரில் சோதிக்கிறார்களா, தோற்ற முடிவுகளைக் கூட்டத்தில் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

நேர்காணலில் உங்கள் விருப்பம் என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்குத் தயாராக இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருக் குழாய், வீட்டு ஆழ்துளைக் கிணறு, பழைய கேணி ஆகிய மூன்றிலிருந்தும் தண்ணீர் பிடியுங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டாம், ஃபுளோரைடுக்குச் சுத்தமான பாலித்தீன் புட்டிதான் சரி. மேலே தேதியும் இடமும் எழுதி, கல்லூரி ஆய்வகத்தில் ஃபுளோரைடு மின்முனை இருந்தால் அதிலும், இல்லாவிட்டால் சிர்கோனியம் கிட்டிலும் அளந்து பாருங்கள். மூன்று எண்களையும் நோட்டில் குறித்துக்கொண்டு, நேர்காணலுக்கு அந்த நோட்டோடு போங்கள்.